ரோப் கார் பெட்டியை விட்டு இறங்காத கிரெசென்ஸ்

லாம்பெக்,
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள நோட்பூர்கா அக்காவுக்கு,

தம்பி கொர்பினியன் எழுதுவது. இங்கே நானும் கெர்லிண்டும் பசுக்களும் நலம். வியன்னாவில் உன் முழங்கால் இரண்டும் நலமாயிருக்க வேண்டுகிறேன். நிற்க. கழுகுச் சரிவுப் பனிச்சறுக்குப் பந்தயத்துக்கு ஞாயிற்றுக்கிழமை நீ வர வேண்டாம். கோபப்படாமல் மேலே படி. எனக்கே தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

புது ரோப் கார் வந்துவிட்டது உனக்குத் தெரியும். புதுப் பெட்டிகளில் இருக்கை சூடாகிறது, ஆனால் யார் பெயரும் கிடையாது. பந்தயத்தில் ஜெயித்தவர்களின் பெயர் எழுதிய பழைய பெட்டிகளை அவரவர் வீட்டார் எடுத்துப் போகலாம் என்றார்கள். உன் பெட்டியை நம் தோட்டத்தில் நிறுத்தி, நீ வந்ததும் அதில் உட்காரவைத்து காபி கொடுக்க வேண்டும் என்று எனக்கு ஒரே ஆசை. டிராக்டரோடு போனேன். பெட்டி கூரைவரை பனியில் புதைந்திருந்தது. ஒரு பக்கத்தைச் சுரண்டினேன், உன் பெயர் பளிச்சென்று தெரிந்தது, கட்டி இழுத்து வந்துவிட்டேன். மறுநாள் வெப்பக்காற்று அடித்துப் பனி உருகியது. மறுபக்கம் போய்ப் பார்த்தால் 'கிரெசென்ஸ்' என்று எழுதியிருக்கிறது! ஆமாம், அதே கிரெசென்ஸ்தான். நீ ஜெயித்த மறுவருடம் ஜெயித்தவள், அன்றிலிருந்து உன்னோடு பேசாதவள். ஏன் பேசவில்லை என்று இன்றுவரை நீயும் சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை. அவள் வீட்டு வாசல் வேண்டாமென்று நான்தான் ரொட்டி வாங்க ஊரைச் சுற்றிப் போய்க்கொண்டிருக்கிறேன்.

ரோப் கார் மேலாளர் வெண்டலினிடம் ஓடினேன். "அதுவா? ஒரு புயல்ல ரெண்டு பெட்டியும் மோதி நசுங்கிப்போச்சு. நல்லாயிருந்த பாதி ரெண்டையும் சேத்து ஒட்டிட்டோம். ஓடுச்சா இல்லையா?" என்கிறார். ஓடியதுதான். இத்தனை வருடம் நான் ஏறி இறங்கிய பக்கத்தில் உன் பெயர் இருந்தது. மறுபக்கம் கிரெசென்ஸின் ஜன்னலைப் பார்த்தபடி போனதால் அவளுக்கு அவள் பெயர் தெரிந்தது. ஊரே சந்தோஷமாக இருந்தது. இப்போது அவள் பின்னல் ஊசியோடு வந்து பெட்டிக்குள் உட்கார்ந்துவிட்டாள். "இது என் பெட்டி. இறக்கிப் பாருடா!" என்கிறாள். பாதிதான் உன்னுடையது என்றேன். "அப்போ என் பாதியிலதான் உக்காந்திருக்கேன், உனக்கென்ன?" என்கிறாள். காலையில் வருகிறாள், இருட்டும்போது போகிறாள். கட்டிய மனைவியாச்சே, கெர்லிண்ட் என் பக்கம் பேசுவாள் என்று நினைத்தேன். அவளோ ஈரல் உருண்டை போட்ட சூப்பைக் கொண்டுபோய்க் கொடுக்கிறாள். "குளிர்ல பாவங்க" என்கிறாள். யார் பாவம்? நேற்று ஹாலந்துக்காரக் குடும்பம் ஒன்று பனிச்சறுக்குக் கட்டைகளோடு ஏறி, பெட்டி கிளம்பும் என்று வெகுநேரம் காத்திருந்தது. கிரெசென்ஸ் ஒரு வார்த்தை சொல்லவில்லை! கடைசியில் அந்த அப்பா இறங்கி வந்து, "சார், மலைக்கு எப்போ கிளம்பும்?" என்று என்னிடம் கோபித்துக்கொண்டார். நானும் குழம்பிப்போய், "கொஞ்சம் பொறுங்க" என்று சொல்லிவிட்டேன்.

மேயரிடம் முறையிட்டேன். "ரெண்டு பேருமே ஊருக்குப் பெருமை சேத்தவங்க. நான் எந்தப் பக்கம் பேசுறது?" என்று பந்தயத்துக்குக் கயிறு கட்டப் போய்விட்டார். நீ வந்து, அவள் உள்ளே இருந்து, வீரர்களை உற்சாகப்படுத்த மாட்டுமணி அடித்துக்கொண்டு வரும் கூட்டமெல்லாம் பந்தயத்தை விட்டு நம் வேலியோரம் வேடிக்கை பார்க்க நின்றால் என் மானம் என்னாவது? எனக்குப் பயமாக இருக்கிறது அக்கா. இவளை எப்படியாவது கிளப்பிவிட்டு எழுதுகிறேன். அதுவரை வராதே. உன் எலும்புகளுக்கு மாதா துணையிருக்கட்டும். பேரப்பிள்ளைகளுக்கு எங்கள் முத்தம்.

உன் தம்பி,
கொர்பினியன்

பி.கு.: உறையை ஒட்டுமுன் தோட்டத்துக்குப் போய், "அக்கா வரமாட்டா, எழுதிட்டேன். நீ வீட்டுக்குப் போ" என்று கிரெசென்ஸிடம் சொன்னேன். ஊசியைக் கீழே போட்டுவிட்டு அழுதுவிட்டாள். "அட மடையா! இந்தத் தகரத்துக்காகவா நான் குளிர்ல விறைச்சுக்கிட்டு இருக்கேன்? அவ வர்றான்னு நீதானே ரொட்டிக்கடையில சொன்னே? அந்தக் காலத்துல அந்தச் சரிவுல எறங்கின பொண்ணுங்கள்ல நாங்க ரெண்டு பேருதாண்டா மிச்சம். அவ வரலேன்னா நான் யாரோட சண்டை போடுவேன்?" என்கிறாள். எனக்கு மனசு கேட்கவில்லை. மேலே எழுதியதை எல்லாம் மறந்துவிடு. ஞாயிறுவரை காத்திருக்காமல் வெள்ளிக்கிழமை ரயிலிலேயே வா. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு உனக்கு ஒன்று எழுதச் சொன்னாள்: நீ ஜெயித்த வருடம் பனி வெண்ணெய் மாதிரி இருந்ததாம், கெர்லிண்டின் பசுகூட ஜெயித்திருக்குமாம்.