சின்சில்லாக் கூண்டும் சம்பந்திக்குப் பதிலும்

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கே நான் நலம் என்று எழுதுவது மரபு, அதனால் எழுதுகிறேன். தங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். நாம் இருவரும் ஒரே வீட்டில் இருக்க வேண்டும் என்று பிள்ளைகள் போட்ட திட்டத்துக்குச் சம்மதம் எழுதி, வெள்ளிக்கிழமைக்குள் என் பதிலைக் கேட்டிருந்தீர்கள். இருவரும் தனியாகத்தான் இருக்கிறோம், என் வீட்டில் ஓர் அறை பூட்டியே கிடக்கிறது, எல்லாம் நியாயம்தான். ஆனாலும் என்னால் முடியாது. கோபித்துக்கொள்ள வேண்டாம். இரண்டு உயிர்களை ஒரே கூண்டில் குடிவைக்க இந்த இரண்டு வாரமாக நான் பட்ட பாட்டைக் கேட்டால் உங்களுக்கே புரியும்.

கல்யாணத்துக்கு முன்பே உங்கள் மகனும் என் மகளும் ஆளுக்கொரு சின்சில்லா வளர்த்தார்கள் அல்லவா, அணிலின் வாலும் முயலின் காதும் வைத்த அந்தப் பஞ்சுப்பொதிகள். இரண்டும் பெண். ஆறு வாரம் கூண்டோடு கூண்டு ஒட்டிவைத்து, வாசனை பழக்கி, மடியில் போட்டுக் கெஞ்சி, ஒருவழியாக என் மகள் அவற்றைச் சேர்த்துவைத்தாள். மறுநாளே பிள்ளைகள் இருவரும் அவற்றை என்னிடம் விட்டுவிட்டு மூன்று மாத வேலையாக வெளியூர் கிளம்பிவிட்டார்கள். இருவர் கூண்டும் ஆகாதாம், யாருடையதில் விட்டாலும் அந்த வீட்டுக்காரி மற்றவளை விரட்டுவாளாம். ஆகவே பொதுவாக ஒரு புதுக்கூண்டு. அதைத் தயார்செய்வது சும்மா இருக்கிற அப்பாவின் பொறுப்பு.

யாருடைய பழைய வாசனையும் ஒட்டியிருக்கக் கூடாதென்று தட்டுமுட்டுச் சாமான்களை வினிகர் தண்ணீரில் மூன்று முறை கழுவினேன். வீட்டில் எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்த நெடிதான். எதையும் கடித்துவிடும் என்பதால் பிளாஸ்டிக் கூடாது, பெயின்ட் கூடாது, வெறும் மரப்பலகைதான். தச்சரைக் கூப்பிட்டேன். "ஐயா, நிஜமாவே எலிக்கா இவ்வளவு பலகை?" என்றார். "எலி இல்லப்பா, சின்சில்லா" என்றேன். "சரிங்கய்யா, எலிக்கு எந்த உயரத்துல அடிக்கணும்?" என்றார். அதற்குமேல் அவரிடம் மல்லுக்கட்ட எனக்குத் தெம்பில்லை.

இனிதான் என் கூத்து. முப்பத்தாறு வருடம் நில அளவைத் துறையில் இருந்தவன் நான். கூடப்பிறந்தவர்கள் பொது இடத்துக்காக அடித்துக்கொள்வதைப் பார்த்துப் பார்த்து அலுத்தவன். பின்னால் தகராறு வேண்டாமே என்று, நாடா வைத்து அளந்து கூண்டின் நட்டநடுவில் கம்பிவலை கட்டினேன். அந்தப் பக்கம் இரண்டு பலகை, இந்தப் பக்கம் இரண்டு பலகை. ஆளுக்கொரு புல் தட்டு, தண்ணீர்க் குப்பி, புரண்டு குளிக்க மணல் கிண்ணம். ஒரு நூல் வித்தியாசம் கிடையாது. வரைபடம் போட்டு வடக்குத் திசைகூடக் குறித்தேன். பெருமையாக வீடியோவில் காட்டினால், மகள் தலையில் கைவைத்துக்கொண்டாள். "அப்பா, ஆறு வாரம் பாடுபட்டுச் சேர்த்து வெச்சேன். ஒரே நாள்ல பாகம் பிரிச்சுட்டீங்களே." பின்னால் உங்கள் மகன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது எனக்குத் தெரியாமலில்லை.

வலையை அறுத்தேன். உடனே உங்கள் வீட்டுது, ஒளிந்துகொள்ளும் பெட்டியின் வாசலில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டது. எங்கள் வீட்டுது உள்ளே மாட்டிக்கொண்டது. பெட்டிக்கு இரண்டு வாசல் வேண்டுமாம், இதை முதலிலேயே யார் சொன்னார்கள்? தச்சர் மறுபடி வந்தார், மறுபடி எலி என்றார். இரண்டு மணல் கிண்ணம் இருந்தும் இரண்டும் ஒரே கிண்ணத்தில்தான் இறங்குவேன் என்கிறதுகள். பறக்கிற தூசியில் எனக்கு ஓயாத தும்மல். அதுகளுக்கு வெப்பம் ஆகாதென்று நாளெல்லாம் ஏசி ஓடுகிறது. நான் கம்பளிச் சட்டைக்குள் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். அலுத்துப்போச்சு சம்பந்தி, சத்தியமா அலுத்துப்போச்சு.

யோசித்துப் பாருங்கள். நீங்கள் கண் விழித்ததும் ரேடியோ வைப்பவர். நான் எட்டு மணிவரை வாய் திறக்காதவன். நம் இரண்டு பேரையும் எந்த வினிகரில் ஊறவைப்பது? நீங்கள் அங்கே சௌக்கியமாக இருங்கள், நான் இங்கே இப்படியே இருந்துவிட்டுப் போகிறேன். தாங்கள் நோய்நொடியின்றி நீடூழி வாழ வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள சம்பந்தி

பின்குறிப்பு: உறையை ஒட்டும் முன் கூண்டை எட்டிப் பார்த்தேன். நாலு பலகை இருக்க, ரெண்டும் ஒரே பலகையில ஒட்டி உக்காந்து, ஒன்னோட காதை இன்னொன்னு கோதி விட்டுட்டு இருக்கு. இந்த ரெண்டு வாரமா இந்த வீட்டுல நான் பேசினது அதுங்ககிட்டதான். இப்ப கூப்பிட்டேன், திரும்பிக்கூடப் பாக்கல. மேலே எழுதினதை எல்லாம் விட்டுடுங்க சம்பந்தி. மூட்டை முடிச்சைக் கட்டிக்கிட்டு ஞாயித்துக்கிழமையே வந்துடுங்க. பூட்டியிருந்த அறையைத் திறந்து பெருக்கிட்டேன்.