வேலுச்சாமி மடியில் எல்லாப் பிள்ளைகளும்

காமயகவுண்டன்பட்டியில் கொடி நிறையத் திராட்சையோடும் மனசு நிறையக் கோபத்தோடும் இருக்கும் மரியாதைக்குரிய மச்சான் பாண்டியராஜன் அவர்களுக்கு,

தேனியிலிருந்து உங்கள் தங்கை முத்துலட்சுமியின் வீட்டுக்காரன் நாகராஜ் வணங்கி எழுதுவது. உங்கள் தங்கை என்னைத் திட்டுவதைத் தவிர வேறெதுவும் பேசுவதில்லை. மற்றபடி இங்கே எல்லோரும் நலம். உங்கள் நலத்தைப் போனில் கேட்கலாமென்றால் நீங்கள் எடுப்பதாயில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

மச்சான், தப்பைக் கண்டுபிடித்துவிட்டேன்! நம் வேல்விழியின் காதுகுத்துப் பத்திரிகையில், தாய்மாமன் என்ற இடத்தில் உங்கள் பெயருக்குப் பதில் என் பங்காளியின் மச்சான் தேவதானப்பட்டி வேலுச்சாமி பெயர் எப்படி வந்தது என்று இன்று காலைதான் புரிந்தது. சந்தோஷத்தில் கத்தியே விட்டேன். "எங்க அண்ணன் மடியில உக்கார வைக்காம எம்பிள்ளைக்குக் காது குத்த விடமாட்டேன். அவுக கோவிச்சுக்கிட்டு இருக்காக, நீங்க இங்கன குதிக்கிறீக!" என்றாள் உங்கள் தங்கை.

நடந்தது இதுதான். பங்காளி வீட்டுப் பிள்ளைகள் எல்லோருக்கும் குலசாமி கோயிலில் ஒரே நாளில் காது குத்துவதென்று முடிவானதும், வீட்டுக்கொரு பத்திரிகை நானே கம்ப்யூட்டரில் போட்டுத் தருகிறேன் என்று வாயைக் கொடுத்தேன். கம்பெனியில் எக்ஸ்.எஸ்.எல்.டி. என்று ஒன்றைப் புதிதாகப் படித்திருந்த திமிர். விவரங்களைக் கொடுத்தால் அதுவே வீடு வீடாகப் போய்ப் பத்திரிகை எழுதிவிடும்; அதற்கு லூப் என்று பெயர். எந்த வாசலில் நிற்கிறதோ, அந்த நேரத்தில் 'வீடு' என்றால் அதற்கு அந்த வீடுதான். இதைத்தான் கான்டெக்ஸ்ட் நோடு என்பார்கள். தாய்மாமன்கள் பெயரோடு, அவரவர் தங்கை வாழ்க்கைப்பட்ட வீட்டையும் குறித்துவைத்தேன். இந்த வீட்டுக்குரிய மாமனை மட்டும் எடு என்று அடைப்புக்குறிக்குள் நிபந்தனையும் போட்டேன்: வீடு = வீடு. கேட்க நன்றாகத்தானே இருக்கிறது? ஆனால் மச்சான், அடைப்புக்குறிக்குள் கால் வைத்ததுமே அது நம் வாசலை மறந்து, போய் மாமன் பக்கம் நின்றுகொள்கிறது! வரிசையில் முதலில் இருந்த வேலுச்சாமியிடம், "உங்க வீடும் உங்க வீடும் ஒண்ணுதானே?" என்று கேட்டிருக்கிறது. மனுஷன் இல்லையென்றா சொல்வார்? உங்களைக் கேட்டாலும் ஆமாமென்றுதான் சொல்வீர்கள். இப்படி எல்லா மாமன்களும் தேறிவிட, முதல் ஆளின் பெயரை எடுத்து எல்லாப் பிள்ளைகளுக்கும் எழுதிவிட்டது.

நானும் சரிபார்க்காமல் வெற்றிலை பாக்கோடு தட்டில் வைத்து உங்கள் கையிலேயே கொடுத்துவிட்டு வந்தேன். வேலுச்சாமி போன் செய்த பிறகுதான் விஷயமே தெரிந்தது. "எல்லாப் பிள்ளையும் எம்மடியிலதேனாம்ல? ரொம்பச் சந்தோசம் மாப்ள! ஆனா எனக்கு முட்டுவலி. ஒவ்வொண்ணா உக்கார வைங்க" என்றார்.

இதற்கு மருந்து ஒரே சொல்: கரன்ட். 'நான் எந்த வாசலிலிருந்து கிளம்பினேனோ அந்த வீடு' என்று பொருள். அதைச் சேர்த்ததும் வேல்விழிக்கு நேரே 'பாண்டியராஜன்' என்று திரையில் வந்தது பாருங்கள், எனக்குக் கண் கலங்கிவிட்டது. புதுப் பத்திரிகையை இத்துடன் வைத்திருக்கிறேன். கோபத்தை விட்டுவிட்டு வந்துவிடுங்கள். நீங்கள் இல்லாமல் அவள் காதைத் தொட யாரையும் விடமாட்டேன்.

உங்கள் கொடியைச் சாம்பல் நோயும் உங்களை ஏய்க்கும் வியாபாரிகளும் அண்டாமல் குலசாமி காக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மன்னிப்புக்குக் காத்திருக்கும்
நாகராஜ்

பி.கு.: கவரை ஒட்டப் போகும்போது வாசலில் வேன் வந்து நின்றது. இறங்கியது நீங்கள்! போன் கொடிக்கு அடிக்கும் மருந்து டிரம்முக்குள் விழுந்துவிட்டதாம். தோட்டுக்குச் சிவப்புக்கல்லா பச்சைக்கல்லா என்று கேட்க வந்தீர்களாம். பத்திரிகையைப் பற்றித் தயங்கித் தயங்கிக் கேட்டேன். "அதை இன்னும் பிரிக்கவே இல்லையே மாப்ள. எந்தங்கச்சி மகளுக்கு நான்தேன் மாமன்னு பேப்பரப் பாத்தா தெரிஞ்சுக்கணும்?" என்றீர்கள். முத்துலட்சுமி என்னைப் பார்த்த பார்வையில், இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வரப்போவதில்லை என்று முடிவாகிவிட்டது. பெரிய நிம்மதிதான். ஆனால் மச்சான், இவ்வளவு பாடுபட்டுக் கண்டுபிடித்ததை இனி நான் யாரிடம் போய்ச் சொல்வேன்?