குடிக்கக் கூடாத காப்பி

கோப்பை காலியாக இருந்தது.

ஓய்வு பெற்ற மேஜர் ஜெனரல் காலிப் பாஷா அதற்குள் ஒரு முறை எட்டிப் பார்த்தார். அடியில் கொஞ்சம் ஏலக்காய்த் தூள் மட்டும் மிச்சம். பந்தலில் இருந்த அத்தனை ஆண்களும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரோ ஒருவர் இருமினார்.

"பாஷா, குடிச்சுட்டீங்களா?" பக்கத்து நாற்காலியில் இருந்த மாப்பிள்ளையின் தகப்பனார் அபு முஹன்னத், உதடு அசையாமல் கேட்டார்.

"கொடுத்தான். குடிச்சேன்."

"பொண்ணையே இன்னும் கேட்கலையே!"

பெண் கேட்டுப் போகிற கூட்டத்தின் தலைவர், முன்னால் வைத்த காப்பியைத் தொடக்கூடாது. வந்த காரியத்தைச் சொல்லி, பெண்ணின் தகப்பனார் "குடிங்க, கேட்டது உங்களுக்குத்தான்" என்ற பிறகே கோப்பை உதட்டுக்குப் போக வேண்டும். முந்திக்கொண்டு குடித்தால், கேட்க ஒன்றுமில்லை, கிளம்புகிறோம் என்று அர்த்தம். கரக் ஊரில் நேற்றுப் பிறந்த குழந்தைக்கும் இது தெரியும். பாஷாவுக்கும் தெரியும். கிளம்பும்போது அவர் மனைவி உம்மு ராகான் டையைச் சரிசெய்தபடி எச்சரித்துத்தான் அனுப்பினாள்.

"கையை முட்டி மேலேயே வெச்சுக்குங்க. காப்பியைக் கண்டா உங்க கை உங்க பேச்சையே கேட்காது."

பட்டாளத்தை விட்டு வந்ததிலிருந்து பாஷாவை ஒருவரும் எதற்கும் கூப்பிடவில்லை. எதிர்வீட்டில் இருக்கும் இன்னொரு ஓய்வு பெற்ற ஜெனரல் நவாஃப் பாஷா மட்டும் பெண் கேட்கவும் சண்டை தீர்க்கவும் வெள்ளிக்கிழமை தவறாமல் கிளம்புவார். அவர் வாசலில் வரிசை கட்டும் கார்களை காலிப் பாஷா திரைச்சீலை இடுக்கு வழியாகப் பார்த்துப் பெருமூச்சு விடுவார். அப்படி இருக்கையில்தான் மாப்பிள்ளை முஹன்னத் தனியாக வந்து, "வேற எந்தப் பாஷாவும் வேண்டாம், நீங்கதான் வரணும்" என்று கெஞ்சினான். அன்றே பாஷா தன் பழைய சீருடையைப் போட்டுப் பார்த்தார். பட்டன் சேரவில்லை, ஆனால் மனசு நிறைந்துவிட்டது.

இந்தப் பெண் கிடைக்காவிட்டால், இனி ஒருவரும் அவர் கதவைத் தட்டப் போவதில்லை.

"பதறாதீங்க அபு முஹன்னத். சமாளிச்சுடலாம்."

பாஷா கோப்பையை நீட்டினார். காப்பி ஊற்றியவன் பெண்ணின் அண்ணன் ஷிப்லி. தடித்த மீசை, எங்கேயோ பார்த்த முகம். விளிம்பு வரை ஊற்றினான். நிறைய ஊற்றினால், குடித்துவிட்டு நடையைக் கட்டு என்று பொருள். பாஷா அதைப் பாசம் என்று எடுத்துக்கொண்டு எழுந்து நின்றார்.

"ஹாஜி மிக்லிஃப் அவர்களே! முதல் கோப்பை தாகத்துக்கு. இதுதான் காரியத்துக்கு!"

பெண்ணின் தகப்பனார் தாடியைத் தடவியபடி தலையசைத்தார். பாஷா ஆரம்பித்தார். இரண்டு குலங்களின் வீரம், விருந்தோம்பல், குதிரைகள், ஆலிவ் தோப்புகள். குதிரைகளிடம் வந்தபோதே தொண்டை வறண்டது. ஆலிவ் தோப்பில் நுழைவதற்குள் கோப்பை காலி.

"பாஷா," என்றார் ஹாஜி. "இப்ப குடிச்சது எதுக்கு?"

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

ஷிப்லி கேட்காமலே மறுபடி நிரப்பினான். இந்த முறை பாஷா உஷாரானார். கோப்பையை அபு முஹன்னத் கையில் கொடுத்து, "இதைக் கெட்டியா பிடிச்சுக்குங்க" என்றார்.

அபு முஹன்னத் படபடப்பில் அதைக் குடித்துவிட்டார்.

"நீங்க பொண்ணு கேட்க வந்தீங்களா, இல்ல காப்பிக் கடைன்னு நினைச்சு நுழைஞ்சீங்களா?" ஹாஜியின் குரல் உயர்ந்தது.

தற்காப்பு உதவாதபோது தாக்க வேண்டும். பாஷா தாக்கினார்.

"ஹாஜி, இந்த வீட்டுல இல்லைங்கற சொல்லே வராது. உங்க பதில் சம்மதம்தான்னு தெரிஞ்சுதான் நான் முன்னாலேயே குடிச்சேன்!"

ஹாஜி துள்ளி எழுந்தார். "கேட்கறதுக்கு முன்னாடியே எடுத்துக்கிட்டுப் போக, என் பொண்ணு என்ன உங்க பட்டாளத்து கேன்டீன் சரக்கா?"

பெண்ணின் சித்தப்பாக்களும் எழுந்தார்கள். நாற்காலிகள் சரிந்தன. மாப்பிள்ளை முஹன்னத் மட்டும் முகம் தெளிந்து, காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். பயத்தில் சிலருக்கு அப்படி ஆகும் என்று பாஷா நினைத்துக்கொண்டார்.

இனி ஆயுதம் எதுவும் இல்லை. பாஷா உட்கார்ந்து, தலைக்கட்டைக் கழற்றி மடியில் வைத்தார்.

"ஹாஜி, உண்மையைச் சொல்லிடறேன். பட்டாளத்துல நான் ஒரு தடவைகூட ஜெயிச்சதில்ல. பெரிய போர்ப் பயிற்சியில, எதிரி முகாமைப் பிடிச்சுட்டேன்னு ரேடியோவுல முழங்கினேன். விடிஞ்சு பார்த்தா அது எங்க சமையல் கூடாரம். அணிவகுப்புல தளபதியை விட்டுட்டு அவர் டிரைவருக்கு சல்யூட் அடிச்சேன். மத்தவங்க ஓய்வுல போகப் போக நான் மேல வந்தேன், அவ்வளவுதான். பட்டாளத்தை விட்ட பிறகு என்னை நம்பி ஒருத்தன் ஒப்படைச்ச ஒரே வேலை இது. பொண்ணு குடுங்க, குடுக்காம போங்க. ஆனா பையன் மேல தப்பில்ல. காப்பி குடிச்சது நான்."

"நானும்," என்றார் அபு முஹன்னத் ஈனக்குரலில்.

ஹாஜியின் தோள்கள் குலுங்கின. அழுகிறாரோ என்று பாஷா பயந்தார். ஹாஜி சிரித்துக்கொண்டிருந்தார்.

"சமையல் கூடாரமா? வல்லாஹி, அது நீங்களா? அதுல கையைத் தூக்கிட்டு சரணடைஞ்ச சமையல்காரன் என் பையன் ஷிப்லிதான்!" ஹாஜி கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இத்தனை பேர் முன்னால தன் மானத்தைத் தானே வாங்கிக்கிறவர், பொய் சொல்லி ஒரு பையனை என் தலையில கட்டமாட்டார். குடிங்க பாஷா! கேட்டது உங்களுக்குத்தான்!"

பந்தல் அதிர்ந்தது. உள்ளே பெண்கள் குலவையிட்டார்கள். நடுவே ஒரு தட்டு உடைகிற சத்தம். மணப்பெண் வஃபாவுக்கு சந்தோஷத்தில் கை நழுவியிருக்கும். முஹன்னத் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டான். பாவம், ஆனந்தக் கண்ணீர்.

பாஷா நெஞ்சை நிமிர்த்திக் கோப்பையை எடுத்தார். காலி.

"ஊத்துடா ஷிப்லி! உன் தங்கச்சிக்குக் கல்யாணம்!" என்று ஹாஜி கத்தினார்.

ஷிப்லி குனிந்து, சொட்டுச் சொட்டாக ஊற்றியபடி பாஷாவின் காதருகே முனகினான்:

"ரெண்டு பேருக்குமே இந்தக் கல்யாணம் பிடிக்கல, அப்பாக்கள்கிட்ட சொல்லப் பயம், காரியம் கெடணும்னா இவர்தான் சரியான ஆளுன்னு நான்தான் உங்க பேரைச் சொன்னேன் பாஷா… சர்வீஸ் முழுக்கத் தோத்த நீங்க, இன்னிக்குத்தானா ஜெயிக்கணும்?"