எழுநூறு கிலோ வாலபி

டெய்சி, அருள், இரண்டு பேரும் டிவியை அணைத்துவிட்டு இதைப் படியுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்ல ஒரு நொடி போதும். அந்த ஒரு நொடிக்குக் கூச்சப்பட்டு உங்கள் அப்பன் ஒரு மத்தியானம் முழுக்க வேர்த்து விறுவிறுத்துப் போன கதை இது.

தொண்ணூறுகளின் கடைசி. காரைக்குடியில் வாடகைக் கார் ஓட்டிக்கொண்டிருந்தேன். உங்கள் அம்மாவைப் பெண் கேட்டு ஆள் அனுப்பியிருந்தோம். உங்கள் தாத்தா, "வாடகை வண்டிக்காரனுக்குப் பொண்ணு குடுக்கிறதா இல்ல. மாசச் சம்பளம் வந்தா வரச் சொல்லுங்க" என்று வாசலிலேயே சொல்லி அனுப்பிவிட்டார்.

அந்த நேரம் பார்த்து, கண்டனூரில் மெய்யம்மை ஆச்சி தன் பெரிய வீட்டில் சில அறைகளை வெளிநாட்டு விருந்தாளிகளுக்கு விடத் தொடங்கியிருந்தார். விருந்தாளிகளுக்கு ஊர் சுற்றிக் காட்ட, இங்கிலீஷ் தெரிந்த டிரைவர் வேண்டும். மாசச் சம்பளம். நான் போய் நின்றேன்.

"இங்கிலீசு வருமாப்பா சவரி?"

"நல்லா வரும் ஆச்சி."

(பத்தாம் வகுப்பில் நான் பாஸான ஒரே பாடம் இங்கிலீஷ். முன் பெஞ்சுக்காரன் ஒல்லியாக இருந்ததுதான் அதற்குக் காரணம். குண்டாக இருந்திருந்தால் அதுவும் போயிருக்கும்.)

"ஞாயித்துக்கெழமை ஆஸ்திரேலியாவுல இருந்து ஒரு அம்மா வாராக. கூட இருந்து பேசு. பாத்துட்டு முடிவு சொல்றேன்."

ஜூடி என்று பெயர். ஒல்லியான, சிரித்த முகத்துக்கார அம்மா. காலையில் நாட்டரசன்கோட்டைக் கோயிலுக்குக் கூட்டிப் போனேன். அவர் "பியூட்டிஃபுல்" என்றார். நான் "யெஸ் யெஸ்" என்றேன். திரும்பி வரும் வழியெல்லாம் இப்படியே நல்லபடியாகப் பேசிக்கொண்டு வந்தோம். வேலை கிடைத்துவிட்டது என்றே நினைத்தேன்.

வினை மத்தியானச் சாப்பாட்டில், குழம்புக்கும் ரசத்துக்கும் நடுவில் வந்தது.

"இந்த அம்மா ஊர்ல என்ன வேலை பாக்குறாகன்னு கேளப்பா" என்றார் ஆச்சி.

"வாட் வொர்க் மேடம்?"

அந்த அம்மா கடகடவென்று சொன்னார். என் காதில் நின்றது மூன்று வார்த்தைதான். ராக். வாலபி. எண்டேஞ்சர்ட். வாலபி ஏதோ மிருகம் என்று புரிந்தது. ராக் என்றால் பாறை. எண்டேஞ்சர்ட்? அதில் டேஞ்சர் இருக்கிறதே! கரண்டுக் கம்பத்தில் மண்டை ஓட்டுப் படத்தோடு எழுதியிருப்பார்களே, அந்த டேஞ்சர். முன்னால் ஒரு 'எண்' வேறு இருந்ததால், சாதாரண டேஞ்சரைவிடக் கூடுதல் என்று எடுத்துக்கொண்டேன்.

"ஆச்சி, அவுக ஊர்ல வாலபின்னு ஒரு மிருகம். பாறை கணக்கா ஒடம்பு. பயங்கரமான ஆபத்து. அதைத்தான் இவுக புடிக்கிறாக."

பரிமாறிக்கொண்டிருந்த சமையல்கார முத்தையா அண்ணன் கரண்டியோடு நின்றுவிட்டார். "எம்புட்டுப் பெருசு இருக்கும்?" என்று இரண்டு கையையும் விரித்துக் காட்டிக் கேட்டார்.

அந்த அம்மாவுக்கு அது புரிந்துவிட்டது. சிரித்துக்கொண்டே கையைத் தாழ்த்தி, தன் முழங்கால் பக்கத்தில் வைத்துக் காட்டினார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆனால் பின்வாங்க முடியுமா? "அதோட பாதம் மட்டும் அம்புட்டு உசரமாம்ணே" என்றேன்.

"செவன், எயிட் கிலோஸ்" என்றார் அந்த அம்மா. கிலோ எந்த ஊரிலும் கிலோதான் என்பது எவ்வளவு பெரிய சங்கடம் என்று அன்றுதான் தெரிந்தது.

ஆச்சி நிமிர்ந்தார். "ஏழெட்டுக் கிலோன்னுல்ல சொல்றாக?"

"செவன் ஹண்ட்ரட் ஆச்சி. எழுநூறு. வெள்ளைக்காரவுக பேசுறப்ப நூறை முழுங்கிருவாக."

"எழுநூறு கிலோவா!" என்றார் முத்தையா அண்ணன். "பின்கட்டுல கெடக்குற ஆட்டுக்கல்லு, அம்மி, என் மாமியா எல்லாத்தையும் ஒண்ணா நிறுத்தாலும் வராதே!"

அந்த அம்மா இன்னும் ஏதோ சொன்னார். 'ஃபாக்ஸ்', 'ஈட்' என்று இரண்டு வார்த்தை பிடிபட்டது. "நரியை அப்புடியே முழுங்கிருமாம்" என்றேன்.

ஆச்சிக்குக் கண் கலங்கிவிட்டது. எழுந்து போய் அந்த அம்மாவின் இடது கையைப் பிடித்துக்கொண்டார். "இந்த ஒடம்போட அதுக்கிட்டப் போறியே தாயி, பெத்தவுக எப்புடி விட்டாக? வேணாம். அந்த வேலையை விட்டுரு. பத்து நாளு இங்கிட்டு இருந்து நல்லாச் சாப்புடு."

"வாட் இஸ் ஷி சேயிங்?" என்று என்னிடம் கேட்டார் அந்த அம்மா.

"ஆச்சி சேயிங், ஈட் மோர்."

உடனே அவர் இலையைத் தட்டிக்காட்டி இன்னொரு கரண்டி சோறு வாங்கினார். ஒரு பக்கம் ஆச்சியின் அழுகை, ஒரு பக்கம் சோறு. நடுவில் நான்.

அதோடு விட்டிருந்தால் தப்பித்திருப்பேன். ஆச்சியின் பாசத்தில் உருகிய அந்த அம்மா, கை கழுவிவிட்டு வந்து பையிலிருந்து ஒரு போட்டோவை எடுத்துக் கொடுத்தார்.

ஆச்சி கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். நானும் எட்டிப் பார்த்தேன். போட்டோவில், ஞானஸ்நானத்துக்குக் குழந்தையைத் தூக்கிவருகிற மாதிரி, அந்த அம்மா ஒரு பிராணியை ஏந்திக்கொண்டு நின்றார். முயலுக்கு அண்ணன், கங்காருவுக்குத் தம்பி போல முகம். உடம்பு நீளத்துக்குத் தொங்குகிற வால்.

ஆச்சி போட்டோவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி போட்டோவைப் பார்த்தார்.

"ஏப்பு," என்றார் முத்தையா அண்ணன், "இதா நரியை முழுங்குறது?"

"இது குட்டிண்ணே" என்றேன்.

அந்த அம்மா பிராணியின் வயிற்றில் விரலை வைத்துக் காட்டினார். அங்கே பைக்குள்ளிருந்து குட்டியூண்டு தலை ஒன்று எட்டிப் பார்த்தது. "மதர்" என்றார். "பேபி" என்றார். இந்த இரண்டும் கண்டனூரில் எல்லோருக்கும் தெரிந்த வார்த்தைகள்.

"அடி ஆத்தீ! குட்டிக்கே குட்டியா!" என்றார் முத்தையா அண்ணன்.

ஆச்சி சிரித்த சிரிப்பில் கண்ணாடி மடியில் விழுந்தது. ஒன்றும் புரியாமலே அந்த அம்மாவும் சிரித்தார். பிறகு, நான் தப்பாகச் சொல்லியிருக்கிறேன் என்பது அவருக்கும் பிடிபட்டுவிட்டது. என்னைக் கோபிக்கவில்லை. பத்து விரலையும் விரித்துக் காட்டி, ஒவ்வொன்றாக மடக்கி, கடைசியில் சுண்டு விரலை மட்டும் நிறுத்தினார். "எண்டேஞ்சர்ட்" என்றார் மெதுவாக. ஆபத்து அதனால் இல்லை, அதற்குத்தான், அழிந்துகொண்டே வருகிற பிராணி அது என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. நரிதான் அதைத் தின்கிறதாம்.

"ஆச்சி... அப்ப வேலை?" என்றேன், தரையைப் பார்த்துக்கொண்டு.

"வண்டி நல்லா ஓட்டுறேன்னு அந்த அம்மா காலையிலேயே கட்டை விரலைத் தூக்கிக் காட்டிட்டாக. அதை மட்டும் ஓட்டு. வாயைத் தொறந்தே, சம்பளத்துல புடிச்சிருவேன்."

மாசச் சம்பளம் வந்தது. உங்கள் அம்மாவும் வந்தாள். ஆனால் முத்தையா அண்ணன் புண்ணியத்தில் கதை எனக்கு முன்னாலேயே உங்கள் தாத்தா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. இன்றைக்கும் நான் சந்தையிலிருந்து மீன் வாங்கி வந்து இரண்டு கிலோ என்றால், "உங்க கணக்குலயா, தராசுக் கணக்குலயா?" என்று அவள் கேட்பதும், நீங்கள் விழுந்து விழுந்து சிரிப்பதும் இதனால்தான்.

ஒன்றை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை. அன்று சாயங்காலம் எல்லோரும் முன்கட்டில் இருந்தபோது, நான் தனியாகச் சாமான் அறைக்குப் போனேன். தராசில் ஏழரைக் கிலோ அரிசி நிறுத்து ஒரு மஞ்சப் பையில் கட்டினேன். போட்டோவில் அந்த அம்மா பிடித்திருந்த மாதிரியே இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு சும்மா நின்றேன். கனம் என்றே சொல்ல முடியாது. முத்தையா அண்ணன் வருகிறாரா என்று கதவுப் பக்கம் ஒருதரம் பார்த்துவிட்டு, பையின் காதருகே குனிந்து "சாரி" என்றேன். பிறகு நோகாமல் கீழே இறக்கி வைத்தேன்.