ஏழே முக்கால் மணி நேரப் படம்

இந்த நாட்டில் காலத்தை வீணடித்த அலுவலகங்கள் எத்தனையோ உண்டு. காலத்தைப் படம் பிடித்துப் பரிசு வாங்கிய அலுவலகம் எங்களுடையது ஒன்றுதான். கோயம்புத்தூரில் 'நில ஆவண நேர்செய்தல் சிறப்புப் பிரிவு' என்று ஒன்று இயங்கிவருவது உங்களுக்குத் தெரிந்திருக்காது. எங்கள் தன்னடக்கம் அப்படி. பதினோரு ஆண்டுகளில் ஓர் ஆவணத்தைக்கூட நேர்செய்து நாங்கள் விளம்பரம் தேடிக்கொண்டதில்லை. அங்கே நான் கண்காணிப்பாளர். சிறப்பு அலுவலர் கிருபாசங்கர் அவர்களையும் சேர்த்து மொத்தம் ஏழு பேர்.

கிருபாசங்கர் அவர்கள் கலையுள்ளம் படைத்தவர். ஞாயிற்றுக்கிழமை காலையில் முழங்கை நீள லென்ஸோடு உக்கடம் குளக்கரையில் படுத்துக் கிடப்பார். திங்கள்கிழமை எங்களுக்கு மீன்கொத்தி காட்டுவார். துறையின் ஆண்டு விழாக் கண்காட்சிக்கு ஒவ்வொரு பிரிவும் 'மக்கள் பணி'யை விளக்கும் ஒரு படம் அனுப்ப வேண்டும் என்று சுற்றறிக்கை வந்ததும் அவர் கண் கலங்கிவிட்டது. சென்ற ஆண்டு எல்லோரும் கட்டைவிரலை உயர்த்தி நின்று ஒரு படம் அனுப்பினோம். அதைத் துறையில் யாரும் பிரித்தே பார்க்கவில்லையாம்.

இந்த முறை அவர் ரித்திகாவை அழைத்துவந்தார். 'பரிசோதனைப் புகைப்படக் கலை' சொல்லித்தருகிற பெண். ஒரு டின்னையே கேமராவாக்கி, அதை ஆறு மாதம் தென்னை மரத்தில் கட்டிவைத்து, சூரியன் நடந்த பாதையை வளைவு வளைவாக ஒரே படத்தில் கொண்டுவந்தவர். ஆறு மாதம் ஒரே இடத்தில் இருந்து ஒரே ஒரு வேலையை முடிப்பது என்பது எங்களுக்கு உடனே புரிந்தது. டின்மீது தனி மரியாதையே வந்துவிட்டது.

கூட்டத்தில் மேசைமேல் ஒரு பால் பவுடர் டின்னை வைத்து அவர் விளக்கினார்.

"ஊசி முனை அளவுக்கு ஒரே ஒரு ஓட்டைதாங்க. உள்ளே போட்டோ பேப்பர். வெளிச்சம் மெதுவாத்தான் போகும். காலைல பத்து மணிக்குத் திறந்தா சாயங்காலம் அஞ்சே முக்காலுக்குத்தான் மூடணும். ஒரு நாள் முழுக்க ஒரே படம். அசையாம இருக்கறது எல்லாம் தெளிவா விழும். வந்துட்டுப் போயிட்டு இருக்கறது எதுவும் விழாது."

கிருபாசங்கர் அவர்கள் முன்னால் குனிந்தார். "அப்ப மனுக் குடுக்க வர்ற கூட்டம்?"

"விழாதுங்க சார்."

எல்லோரும் டின்னைப் பக்தியோடு பார்த்தோம். பதினோரு ஆண்டுகளாக எங்களால் குறைக்க முடியாத கூட்டத்தை ஒரு டின் ஒரே நாளில் ஒழித்துவிடும் என்றால் விஞ்ஞானத்தை என்னவென்று சொல்வது.

அடுத்த வாரம் புதன்கிழமை 'அசைவற்ற பணி நாள்' என்று ஆணை பிறந்தது. வாசகம் என்னுடையது. ஊழியர்கள் இருக்கையில் அசையாமல் அமர்ந்திருக்க வேண்டும். மனுதாரர்கள் பெஞ்சில் அசையாமல் அமர்ந்திருக்க வேண்டும். கோப்புகள் நகரக் கூடாது. மூன்றாவது விதிக்காக யாரும் பழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கவில்லை. மின்விசிறி மட்டும் சுற்றலாம், அது படத்தில் தெரியாது என்று ரித்திகா அனுமதித்தார்.

அதே புதன்கிழமைதான் மாசாணியம்மாளின் விசாரணை நாள். கிணத்துக்கடவுக்காரர், தேங்காய் நார்த் தொழிற்சாலையில் வேலை. அவர் குடியிருக்கும் வீட்டு மனை எங்கள் பதிவேட்டில் 'குட்டை' என்று இருக்கிறது. எப்போது, யார் எழுதியது என்று தெரியாது. ஆனால் அழகான கையெழுத்து. மாதக் கடைசியில் குட்டைகளைத் தூர்வாரும் திட்டத்தில் பொக்லைன் வருகிறது. பதிவேட்டில் குட்டை என்றிருந்தால் பொக்லைன் அதை ஆழப்படுத்தும். உள்ளே அடுப்பு எரிகிறதா என்று பார்க்காது. அதற்குள் பதிவைத் திருத்தினால்தான் வீடு நிற்கும்.

ஒன்பதரைக்கே வந்து நின்றார். "ஏனுங்க, இருவத்தாறு வருசமா அந்த ஊட்டுல இருக்கறேனுங்க. ஒரு தவளை வந்ததில்லீங்க. நீங்களே ஒருக்கா வந்து பாருங்க."

நேரில் பார்ப்பது எங்கள் நடைமுறையில் இல்லை என்பதை அவருக்கு எடுத்துச் சொன்னேன். "பதினோரு மணிக்குக் கூப்பிடுவாங்க அம்மணி. இன்னிக்குப் படம் எடுக்கறாங்க. கூப்பிடற வரைக்கும் இந்தப் பெஞ்சுல அசையாம உக்காந்துக்குங்க."

"சரிங்க" என்று உட்கார்ந்தார். ரித்திகா டின்னைச் சுவரோரம் இருந்த அலமாரிமேல் பொருத்தி, யாரும் அதைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அவரிடமே சொல்லிவிட்டுப் போனார். சரியாகப் பத்து மணிக்கு டின் கண் திறந்தது. நாங்கள் ஏழு பேரும் வருகைப் பதிவேட்டில் கையெழுத்திட்டு, இருக்கையில் அமர்ந்து, மூச்சைக்கூட அளவாக விட்டோம்.

பத்து இருபது வரை விட்டோம்.

அன்றைக்கு வளர்பிறை முகூர்த்தம் என்பதை ஆணை எழுதும்போது நான் கவனிக்கவில்லை. கிருபாசங்கர் அவர்கள் சரவணம்பட்டியில் மைத்துனர் வீட்டுப் புதுமனைப் புகுவிழாவுக்கு 'கள ஆய்வு' கிளம்பினார். நில அளவர் சாமுவேல் உடுமலைப்பேட்டைக்கு அளக்கப் போனார்; மாலையில் இளநீர்க் குலையோடு திரும்பியதால் எதையோ அளந்திருக்கிறார் என்று தெரிகிறது. தட்டச்சர் கோமளாவுக்குப் பிள்ளையின் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம். மற்ற மூவரும் ஆளுக்கொரு கல்யாணத்துக்குப் போய், அங்கே ஒரே பந்தியில் சந்தித்துக்கொண்டார்களாம். நான் பொறுப்புள்ளவன். காபி குடிக்க மட்டுமே போனேன். காபி குடித்த இடத்தில் பழைய நண்பர் ஒருவரைப் பார்த்தேன், அவர் புதிதாக ஒரு கார் வாங்கியிருந்தார், அது ஓடுகிறதா என்று அந்தியூர் வரைக்கும் ஓட்டிப் பார்த்தோம்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். நாங்கள் யாரும் இருக்கையை அநாதையாக விட்டுப் போகவில்லை. அலுவலக மரபுப்படி நாற்காலி முதுகில் துண்டு போட்டிருந்தது. துண்டு இருந்தால் ஆள் 'இங்கேதான் எங்கேயோ' இருக்கிறார் என்று பொருள். இது பொதுமக்களுக்கும் தெரியும்.

ஐந்தரைக்கு எல்லோரும் திரும்பினோம். மாசாணியம்மாள் பெஞ்சிலேயே இருந்தார். மதியம் சாப்பிடக்கூடப் போகவில்லையாம். எழுந்து போன நேரம் பார்த்துக் கூப்பிட்டுவிட்டால் என்ன செய்வது என்ற பயம். நேரமாகிவிட்டது, தகவல் வீட்டுக்கு வரும் என்று கிருபாசங்கர் அவர்கள் கனிவோடு சொல்லி அனுப்பினார்.

அதற்குப் பிறகு விசாரணைப் படிவத்தை நிரப்ப வேண்டியிருந்தது. அதில் இரண்டே கட்டங்கள்: 'மனுதாரர் ஆஜராகி விசாரிக்கப்பட்டார்', 'மனுதாரர் ஆஜராகவில்லை'. அவரை நாங்கள் விசாரிக்கவில்லை. பொய் சொல்லக் கூடாது. எனவே முதல் கட்டத்தில் டிக் அடிக்க எங்கள் மனச்சாட்சி இடம் தரவில்லை. 'அலுவலர் ஆஜராகவில்லை' என்ற கட்டம் படிவத்தில் அச்சாகவில்லை. இரண்டாவது கட்டத்தில் டிக் அடித்தோம். விசாரணைக் குழு என்பதும் நாங்கள் ஏழு பேர்தான் என்பதால் ஏழு பேரும் கையெழுத்திட்டோம். மனு தள்ளுபடி ஆனது.

படம் பத்து நாளில் வந்தது. என்ன படம்! மேசைகள், கோப்பு மலைகள், கோப்பின் மேலிருந்த தூசிகூடத் துல்லியமாக விழுந்திருந்தது. ஏழு நாற்காலிகள். ஏழு துண்டுகள், ஒவ்வொன்றின் கரையும் எண்ணிப் பார்க்கும் அளவுக்குத் தெளிவு. நாற்காலியில் யாரும் இல்லை. பெஞ்சின் மேல் லேசாக ஒரு பனிமூட்டம். வந்து காத்திருந்து போனவர்கள் எல்லோரும் சேர்ந்து அவ்வளவுதான் ஆகியிருந்தார்கள். அந்தப் பனிக்கு நடுவே மஞ்சப்பையை மடியில் வைத்துக்கொண்டு மாசாணியம்மாள் மட்டும் முழுசாக உட்கார்ந்திருந்தார். முகம் மட்டும் இரண்டாகத் தெரிந்தது. அழுத்தமான முகம் அலுவலரின் அறைக் கதவைப் பார்த்தது. மங்கலான முகம் கடிகாரத்தைப் பார்த்தது.

'மக்கள் பணியில் ஒரு நாள்' என்று தலைப்பிட்டு அனுப்பினோம். முதல் பரிசு. "காலத்தையே உட்கார வைத்திருக்கிறார்கள்" என்றார் நடுவர். பரிசை வாங்கிய கிருபாசங்கர் அவர்கள் 'மாடலாக ஒத்துழைத்த அம்மணி'க்கு நன்றி கூறினார். அப்போது அம்மணியின் வீட்டுக்குப் பொக்லைன் வர நான்கு நாள் இருந்தது.

படத்தின் பெருமை பிரிவுக்கே சேர வேண்டும் என்பதற்காக, எல்லாப் பிரதிகளின் முதுகிலும் அலுவலக முத்திரை குத்தச் சொன்னார் கிருபாசங்கர் அவர்கள். மூன்று பிரதிகள் இருந்தன. கண்காட்சிக்கு ஒன்று, எங்கள் சுவருக்கு ஒன்று. மூன்றாவது யாருக்கு என்று கேட்கிற வழக்கம் எனக்கு இல்லை. குத்திக் கையெழுத்தும் போட்டேன். படத்தில் இருந்த ஒரே மனுஷி என்பதால் ரித்திகா அதைக் கிணத்துக்கடவுக்கே கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார்.

இரண்டு நாள் கழித்து மேல்முறையீட்டு அலுவலர் கூப்பிட்டனுப்பினார். புதிதாக வந்த அம்மையார். கிருபாசங்கர் அவர்களுக்குத் திடீரென்று முதுகுவலி என்பதால் நான் போனேன். எதிரே மாசாணியம்மாள். மேசைமேல் இடப்பக்கம் எங்கள் தள்ளுபடி ஆணை, வலப்பக்கம் எங்கள் பரிசுப் படம்.

"இவங்க அன்னிக்கு வரலைன்னு எழுதியிருக்கீங்க" என்றார் அம்மையார்.

"ஆமாங்கம்மா. பதிவேட்டின்படி."

மாசாணியம்மாள் குரலை உயர்த்தவில்லை. "அசையாம உக்காரச் சொல்லிப்போட்டு, வரலைன்னு எழுதிப்போட்டீங்களேங்க. நான் வேற என்னங்க செஞ்சிருக்கோணும்?"

முதல்முறையாக வெட்கமாக இருந்தது. அம்மையார் படத்தைத் திருப்பினார். ரித்திகா தன் தொழில் வழக்கப்படி பென்சிலில் குறித்திருந்தார்: தேதி, திறந்தது காலை 10.00, மூடியது மாலை 5.45. அதற்குக் கீழே எங்கள் முத்திரை. அதற்கும் கீழே என் கையெழுத்து.

"நீங்க ஏழு பேரும் எங்கே?"

துறையின் கௌரவத்தைக் காப்பாற்ற வேண்டிய நேரம். "இந்தக் கலையில் வேகமாக இயங்குகிறவர்கள் படத்தில் விழமாட்டார்கள் அம்மா. நாங்கள் மக்களுக்காக ஓடிக்கொண்டிருந்தோம்."

அவர் சிரிக்கவில்லை. பொக்லைனை நிறுத்தச் சொல்லி அங்கேயே போன் செய்தார். மறுநாள் காலை தாமே கிணத்துக்கடவுக்கு வந்து மனையைப் பார்ப்பதாக மாசாணியம்மாளிடம் சொன்னார். பிறகு எங்கள் ஆணையின் குறுக்கே ஒரு கோடு கிழித்து, ஓரத்தில் ஒரே ஒரு வரி எழுதி என்னிடம் நீட்டினார். படித்துவிட்டுக் கையொப்பமிட வேண்டும் என்றார். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு கோப்பைப் படித்துவிட்டுக் கையெழுத்திட்டேன்.

'நாள் முழுதும் இருந்தவர் இல்லை என்று, இல்லாத ஏழு பேர் சான்றளித்திருக்கிறார்கள்.'