கோ ஷேயை நியூயார்க்குக்கு அனுப்பிவைத்தவர்

யாங்கோனில் மனிதர்களுக்கும் பஞ்சமில்லை, மனித வகைகளுக்கும் பஞ்சமில்லை. மழைக்காலம் முழுக்கக் குடையே வாங்காமல், அடுத்தவர் குடைக்குள் தலையை நுழைத்துக் காலம் தள்ளுகிறவர் ஒரு வகை. கரண்ட் போனதும் அக்கம்பக்கத்துக்கெல்லாம் போன் போட்டு, அங்கேயும் இல்லை என்று கேட்ட பிறகு நிம்மதியாகத் தூங்குகிறவர் இன்னொரு வகை. இவர்களால் யாருக்கும் கெடுதல் இல்லை, விட்டுவிடுங்கள். இன்றைக்கு நீங்கள் பார்க்கப்போகிறவர் வேறு ஆள். அனுப்பிவைப்பவர்.

இவர் எங்கேயும் போகமாட்டார், மற்றவர்களை அனுப்புவார். பக்கத்து வீட்டு எலக்ட்ரீஷியனை மலேசியாவுக்கு, அவன் கொழுந்தியாளை பேங்காக்குக்கு, எதிர்க்கடைக்காரரை ஓய்வாக இருக்கட்டும் என்று ஆற்றங்கரைச் சிற்றூரான கியாக்தானுக்கு என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே மூட்டை கட்டி, வண்டி ஏற்றி, கையசைத்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார். யார் கேட்டார்கள்? ஒருவரும் கேட்கவில்லை. கேட்காமல் சொல்வதுதானே இவருடைய தொழில்!

நகரின் கிழக்கே தின்கன்ஜூன் சந்தையை ஒட்டித் தண்ணீர் மோட்டார் கடை வைத்திருக்கிற சுலைமான் பாய் இந்த இனத்தில் கலப்படமில்லாத சரக்கு. கடையைத் திறப்பதற்கு முன்னால் டீக்கடைக்கு வந்துவிடுவார். ஒரே ஒரு பால் டீ வாங்குவார். அது தீர்ந்ததும், மேசைக்கு மேசை சும்மா வைத்திருக்கிற வெறுந்தேயிலைத் தண்ணீரை பிளாஸ்க்கிலிருந்து ஊற்றி ஊற்றிக் குடித்துக்கொண்டு, அந்த பிளாஸ்க்கின்மேலேயே போனைச் சாய்த்து வைத்து அமெரிக்காவின் கூடைப்பந்து பார்ப்பார். அங்கே ராத்திரி ஆட்டம் என்றால் நமக்குக் காலை. நெட் இழுக்காமல் ஆட்டம் பாதியில் சுற்றிக்கொண்டே நின்றுபோனால் போனைத் தட்டுவார், மேசையைத் தட்டுவார், கடைசியில் பக்கத்தில் இருப்பவர் முதுகையும் தட்டுவார்.

பாய் பந்தைத் தொட்டிருக்கிறாரா? ஒருமுறை தெருவில் ஒரு பந்து உருண்டு வந்து அவர் காலருகே நின்றது. "யாருதுப்பா இது, வந்து எடுத்துட்டுப் போங்க!" என்று கத்தினார். அவருக்கும் பந்துக்கும் நேரடித் தொடர்பு அவ்வளவுதான்.

ஆனால் கோ ஷே விஷயத்தில் அவர் சொல்வதுதான் சட்டம். கோ ஷே என்பது டீக்கடை வைத்த பெயர். பர்மிய மொழியில் நெட்டை அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் எங்கோ பனி கொட்டுகிற ஒரு சின்ன ஊரின் அணியில் வருஷக்கணக்காக ஆடி, கோப்பை ஒன்றுகூட வாங்காத மகா ஆட்டக்காரன். இந்த மழைக்காலம் தொடங்கும்போதே அவன் ஒப்பந்தம் முடிந்துவிட்டது. இனி எந்த அணி கூப்பிட்டாலும் போகலாம். நியூயார்க் கூப்பிடுகிறது. போவதா, இருப்பதா?

"போகணும்," என்றார் சுலைமான் பாய். "கியாக்தான்ல கடை போட்டவனும் தெய்ஞ்சிச் சந்தையில கடை போட்டவனும் ஒண்ணாய்யா? சரக்கு நல்ல சரக்குன்னா பெரிய சந்தைக்குத்தான் வரணும்."

"கியாக்தான்ல அவன் ஒருத்தன்தான் கடை, பாய்," என்றார் எதிரே உட்கார்ந்திருந்த தையல்காரர் இக்பால். "ஊரே அவன் வாசல்ல நிக்கும். தெய்ஞ்சியில நூறு கடையில நூத்தியொண்ணு. அதுவுமில்லாம, வளத்த ஊரை விட்டுட்டுப் போறவன் மனுசனா?"

"வளத்த ஊரு என்ன கொடுத்துச்சு? ஜலதோசம்!"

"அண்ணே, நியூயார்க்ல டிராபிக் எப்படி?" என்றான் டாக்ஸி ஓட்டுகிற பாலா. அவனுக்கு உலகத்தில் எந்த ஊரைப் பற்றிப் பேசினாலும் இந்த ஒரு கேள்விதான்.

"அங்க டிராபிக்கே கிடையாதுடா. எல்லாம் பாதாளத்துல ஓடும்," என்று கூசாமல் சொன்னார் பாய்.

இந்த வழக்கு நாள்தோறும் நடந்தது. வாதம் சூடாகி, தான் தோற்கப்போகிறோம் என்று தெரிந்த நேரத்தில் மட்டும் பாய் ஒரு காரியம் செய்வார். பேச்சை நிறுத்துவார். இடப்பக்கம் பார்ப்பார், வலப்பக்கம் பார்ப்பார். தேயிலைத் தண்ணீரை ஒரு மிடறு குடிப்பார். பிறகு குரலைத் தாழ்த்தி, "எனக்கு உள்ளே இருந்து தகவல்" என்பார். எதற்குள்ளே இருந்து? யார் கொடுத்த தகவல்? அதைக் கேட்கிற தைரியம் யாருக்கும் வந்ததில்லை. பாய் தகவல் எடுக்கிற இடம், பிலிப்பைன்ஸில் யாரோ ஒரு ரசிகன் நடத்துகிற பேஸ்புக் பக்கம்.

வீட்டில் இதெல்லாம் செல்லாது. "அமெரிக்காக்காரனுக்கு வழி சொல்ற மனுசனுக்கு வீட்டுல உப்பு எந்த டப்பால இருக்குன்னு தெரியாது," என்பார் அவர் மனைவி சுல்தான் பீவி. அதற்கு மறுப்பு உண்டா? இல்லை. உண்மையாகவே தெரியாது.

அந்த வீட்டுக்கு ஒரு சாயங்காலம் ஸமீரா வந்தாள். பாயின் தம்பி மகள். தம்பி பினாங்கில் வேலை பார்க்கிறார். வீட்டுக் காரியம் எதுவானாலும் 'அண்ணன் சொன்னா சரி' என்று போனை வைத்துவிடுகிற தம்பி. ஸமீரா தின்கன்ஜூன் பெண்கள் கூடைப்பந்து அணியில் ஆடுகிறாள். அணியிலேயே உயரமானவள் அவள்தான். ஒரு பள்ளிக்கூடத்துக்குப் பின்னால், மழை பெய்தால் வழுக்குகிற சிமெண்ட் தரைதான் அவர்கள் மைதானம். ஞாயிறு தவறாமல் பாயும் அங்கே போய் நின்று, எந்தப் பக்கம் கூடை என்ற சந்தேகத்தோடு கத்திவிட்டு வருவார்.

"பெரியத்தா, ஒரு விசயம். யாருகிட்டயும் சொல்லக் கூடாது," என்றாள் ஸமீரா. "டவுன்ல, சூலே பக்கத்துல ஒரு பெரிய கிளப்புல என்னைக் கூப்பிடறாங்க. கூரை இருக்கு, மரத்தரை இருக்கு, வேன் வந்து ஏத்திட்டுப் போவும். அவங்க டீம்ல சேந்தா வெளியூர் ஆட்டத்துக்கெல்லாம் போவலாம். ஞாயித்துக்கிழமை பதில் சொல்லணும்."

பாய் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நான் போயிட்டா இங்க உசரமா வேற யாரும் இல்ல. அப்ஸானாதான் கேப்டன், பாவம், தனியாக் கிடந்து அல்லாடுவா. சின்னதுலேருந்து ஒண்ணா ஆடறோம். இந்த மாதிரி இன்னொரு தடவை கூப்பிடவும் மாட்டாங்க. நீங்க சொல்லுங்க பெரியத்தா. போவட்டுமா, இருக்கட்டுமா?"

சொல்லவேண்டியதுதானே? தெய்ஞ்சிச் சந்தை தயாராக இருக்கிறது, கியாக்தான் கடை தயாராக இருக்கிறது, மழைக்காலம் முழுக்கச் சொல்லிச் சொல்லிப் பளபளப்பாக்கிய வாதம் நாக்கு நுனியில் நிற்கிறது. பாய் வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. இவள் போனால் அப்ஸானா முகத்தில் எப்படி விழிப்பது? போகாமல் முட்டியை உடைத்துக்கொண்டால் தம்பிக்கு என்ன பதில் சொல்வது? அதற்கும் மேலே, ஞாயிற்றுக்கிழமை நாம் எங்கே போய்க் கத்துவது?

"அது வந்து... முதல்ல கோ ஷே என்ன பண்றான்னு பாப்போமேம்மா," என்றார்.

அடுப்படியிலிருந்து சுல்தான் பீவியின் குரல் வந்தது. "அந்தக் கொக்குக்கும் என் கொழுந்தன் மகளுக்கும் என்னங்க சம்பந்தம்?"

மறுநாள் காலை டீக்கடையில் இக்பாலுக்கு நல்ல நாள். கோ ஷே பழைய ஊரிலேயே இருக்கப்போவதாக எவனோ எழுதியிருந்ததைப் போனில் காட்டிக் காட்டி பாயை மூலையில் நிறுத்திவிட்டார். "உங்க உள்ளே இருந்து தகவல் என்னைக்கு பாய் பலிச்சிருக்கு? உள்ளே, உள்ளேங்கறீங்களே, நீங்க எதுக்குள்ள இருக்கீங்க? மோட்டார் கடைக்குள்ளயா?"

கடையே சிரித்தது. பாலா சிரித்த சிரிப்பில் டீ மூக்கில் ஏறியது.

பாய் நிறுத்தினார். இடப்பக்கம் பார்த்தார், வலப்பக்கம் பார்த்தார், ஒரு மிடறு குடித்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக உண்மையிலேயே அவருக்கு உள்ளே இருந்து ஒரு தகவல் இருந்தது. அதை வயிற்றில் வைத்துக்கொண்டு சும்மா இருப்பாரா? நீங்கள் இருப்பீர்களா?

"ஸமீரா சூலே கிளப்புக்குப் போறா. முடிவாயிடுச்சு," என்றார்.

முடிவாகவில்லையே என்கிறீர்கள். சரிதான். ஆனால் 'இன்னும் முடிவாகவில்லை' என்பதெல்லாம் ஒரு தகவலா? அதைச் சொல்ல இடப்பக்கம் வலப்பக்கம் பார்க்க வேண்டுமா?

இதில் பாய் மறந்துபோன விஷயம் ஒன்று உண்டு. தின்கன்ஜூன் பெண்கள் அணிக்குப் புதுச் சட்டை தைப்பவர் இக்பால். வளர்த்த ஊரை விட்டுப் போகிறவன் மனுசனா என்று கேட்கிற அதே இக்பால். நேராகக் கடைக்குப் போனார். ஸமீரா சட்டையின் முதுகில் தைத்திருந்த பெயரை ஒவ்வொரு எழுத்தாகப் பிரித்து எடுத்தார். மாற்று ஆட்டக்காரி உஸ்மாவின் பெயரைச் சாக்பீஸால் அதன்மேல் எழுதிவைத்தார். உஸ்மா போட்டால் அந்தச் சட்டை முழங்காலுக்கு வரும். கொள்கை என்று வந்துவிட்டால் அளவெல்லாம் பார்க்க முடியுமா?

மத்தியானம் சட்டை வாங்க வந்த அப்ஸானா அதைப் பார்த்தாள். ஊசி குத்திய ஓட்டைகளில் ஸமீராவின் பெயர் இன்னும் படிக்கும்படி இருந்தது. இக்பாலிடம் ஒரு வார்த்தை கேட்டாள். அவர் பத்து வார்த்தை சொன்னார். சாயங்காலம் மைதானத்தில் ஸமீராவுக்கு யாரும் பந்து போடவில்லை. "போறவ எங்ககிட்ட சொல்லிட்டுப் போயிருக்கலாம்," என்றாள் அப்ஸானா. அவ்வளவுதான்.

சனிக்கிழமை காலை, பாய் அப்போதுதான் போனை பிளாஸ்க்கில் சாய்த்திருந்தார். அந்தப் போனின்மேல் வந்து விழுந்தது சட்டை. எதிரே ஸமீரா. அவளுக்குப் பின்னால், முகத்தை ஒருக்களித்துக்கொண்டு அப்ஸானா. அவளையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்திருக்கிறாள்.

"பெரியத்தா, நான் போறேன்னு உங்ககிட்ட சொன்னேனா?"

"இல்லம்மா..."

"இருக்கேன்னு சொன்னேனா?"

"அதுவும் இல்ல..."

"நான் கேட்டேன். கேட்டேன்தானே? வீட்டுல பதில் வரல, இங்க வந்து பதிலைச் சொல்லியிருக்கீங்க. சரி, இப்ப எல்லாரும் இருக்காங்க. இவளும் இருக்கா. சொல்லுங்க. நான் போவணுமா, இருக்கணுமா?"

டீக்கடை மொத்தமும் திரும்பியது. இக்பால் தன் விரல் நகத்தை ஆராய்ந்தார். மலேசியாவுக்கும் பேங்காக்குக்கும் ஆள் அனுப்பிய சுலைமான் பாய், சட்டையின் முதுகில் இருந்த ஓட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். தேயிலைத் தண்ணீரை எடுத்தார், குடிக்காமல் வைத்தார்.

"எனக்குத் தெரியலைம்மா," என்றார். "சத்தியமாத் தெரியல. நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது."

பாலாவுக்குத்தான் பொறுக்கவில்லை. "அப்ப கோ ஷேக்கு மட்டும் எப்படிண்ணே தெரிஞ்சுச்சு?"

"அவன் என்கிட்ட கேக்கலியேடா!" என்றார் பாய் பாவமாக.

முதலில் சிரித்தது அப்ஸானா. கோபமாக இருக்கவேண்டும் என்று வாயை இறுக்கிப் பார்த்தாள், முடியவில்லை. ஸமீரா அவள் பக்கம் திரும்பினாள். "அப்ப நீ சொல்லுடி. உன்கிட்டத்தான் முதல்ல கேட்டிருக்கணும். பயந்துக்கிட்டுக் கேக்கல."

"நீ போனா எனக்குக் கோவம் வரும்," என்றாள் அப்ஸானா. "போவாம இந்தச் சிமெண்ட்லயே கிடந்தேன்னு வையி, உன்னைப் பாக்கப் பாக்க அதைவிடக் கோவம் வரும். போய்த் தொலை. நாளைக்கு ஆட்டம் ஆடிட்டுப் போ."

ஸமீரா போவது அப்படித்தான் முடிவானது. உள்ளே இருந்து யாருக்கும் தகவல் இல்லாமல், டீக்கடை நடுவில், எல்லார் கண் முன்னாலும்.

அன்றைக்கே இக்பால் பெயரை மறுபடி தைத்தார். அவர் தைக்க, வெளிச்சம் போதாத அந்தக் கடையில் போன் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றவர் சுலைமான் பாய். "கோணலாப் போவுது இக்பால்" என்று நான்கு தடவை சொன்னார். "பாய், நீங்க தைக்கிறீங்களா?" என்ற பிறகு சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை மழையில் ஆட்டம் நடந்தது, தின்கன்ஜூன் தோற்றது, ஸமீரா வழுக்கி விழுந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டு எழுந்து இன்னும் இரண்டு கூடை போட்டாள். ஆட்டம் முடிந்ததும் அவளும் அப்ஸானாவும் கட்டிக்கொண்டு அழுதார்கள். பாயும் அழுதார். மழையில் யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்தார், எல்லாருக்கும் தெரிந்தது.

கோ ஷே? அவன் நியூயார்க்குக்கும் போகவில்லை, பழைய ஊரிலும் இருக்கவில்லை. டீக்கடையில் ஒருவரும் பெயர்கூடக் கேள்விப்படாத மூன்றாவது ஊருக்குப் போய்விட்டான். பாயும் இக்பாலும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு இரண்டு பேரும் ஒரே குரலில், "நான் அன்னைக்கே சொன்னேன்," என்றார்கள்.

இப்போது ஞாயிறுதோறும் இரண்டு பேரும் பஸ் பிடித்து சூலேக்குப் போகிறார்கள். மரத்தரைக்கு எதிரே உட்கார்ந்து கத்துகிறார்கள். பாய் திருந்திவிட்டார் என்று நினைத்தீர்களா? போன வாரம் பஸ்ஸிலேயே ஆரம்பித்துவிட்டார். "ஸமீரா அடுத்து சிங்கப்பூர் போகணும், இக்பால்." அவள் ஒருநாளும் போகக்கூடாது என்று சூலேயில் இறங்கும்வரை வாதாடிக்கொண்டு வந்தார் இக்பால். அனுப்பிவைப்பவர் இனம் அழியாது, ஐயா.

உங்களுக்கு இந்த வியாதி இல்லை என்கிறீர்கள். நல்லது. ஆனால் கிளப் கூப்பிட்டது என்று படித்தபோதே, 'போகட்டுமே, இதென்ன யோசனை' என்றோ, 'பாவம் அந்த அப்ஸானா, இவள் இருக்கலாமே' என்றோ உங்கள் மனசு ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டதே, அதைக் கவனித்தீர்களா? அவள் போகிறாள் என்றதும் தலையைக்கூட ஆட்டினீர்கள். மேலும் கீழுமா, பக்கவாட்டிலா என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

ஸமீரா உங்களைக் கேட்டாளா?