ஓணான் மாஸ்டரும் என் செங்கல்லும்

ஒரே ஒரு மண்வெட்டியோடு விளாங்குடிக்கு வந்தவன் நான். ஐந்தாம் வகுப்புக்கு மேல் என்னை வைத்துச் சமாளிக்கப் பள்ளிக்கூடத்துக்குத் தெம்பில்லை. கண்மாயில் மண் சுமந்தேன். செங்கல் சுடும் காளவாசலில் கல் அறுத்தேன். பிறகு திண்டுக்கல் ரோட்டோரம் பாம்பு குடியிருந்த ஒரு பள்ளத்தை மேடாக்கி, செங்கல் வியாபாரம் ஆரம்பித்தேன். "இந்தப் பள்ளத்துல தவளைதான் யாவாரம் பண்ணும்" என்றார்கள். அப்படிச் சொன்னவர்களின் வீடுகள் இன்று என் கல்லில்தான் நிற்கின்றன. கோயிலுக்கு மதில் கட்டினேன், மூன்று பெண்களைக் கட்டிக்கொடுத்தேன், எனக்கும் மாடி வைத்துக் கட்டிக்கொண்டேன். இந்த வட்டாரத்தில் நான் கல் கொடுக்காதது நாகமலைக்கு மட்டும்தான். அது எனக்கு முன்பே வந்துவிட்டது.

இம்புட்டும் கட்டிய என்னை ஒற்றைச் செங்கல்லை வைத்துக் கவிழ்க்கப் பார்த்தவன் உலகத்தில் ஒருவன்தான். அவன் ஓணான் மாஸ்டர். மதுரையில் கிறுக்கர்கள் கூடிச் சங்கம் வைத்தால் இவன்தான் தலைமைப் புலவன்.

என் கடையில் குட்டியானை ஓட்டினான். சின்ன லோடு வண்டியைத்தான் இங்கே அப்படிச் சொல்வோம். வண்டியின் பின்பக்கம் டிராகன் படம் வரைய வேண்டும் என்று ஒரு பெயிண்டரைப் பிடித்தான். அந்தப் பெயிண்டர் அய்யனார் கோயில் குதிரைகளுக்கு வர்ணம் அடித்துப் பிழைப்பவர். டிராகனை அவர் எங்கே பார்த்தார்? "பாம்பு ஒடம்பு, பல்லி காலு, வாயில தீ" என்று இவன் வாயாலேயே வரைந்து காட்டினான். தீக்கு இடம் போதவில்லை. வெற்றிலை போட்ட ஓணான் ஒன்று வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டது. வண்டி பட்டறையை விட்டு வெளியே வருமுன் பெயர் விளாங்குடிக்கு வந்து சேர்ந்துவிட்டது. 'மாஸ்டர்' என்பதை மட்டும் அவனாகப் பின்னால் ஒட்டவைத்துக்கொண்டான்.

தமிழில் குரல் கொடுத்த குங்ஃபூ படங்கள்தான் அவனுக்குப் பிடித்த வியாதி. லோடு ஏற்றும் நேரம், இறக்கும் நேரம், எல்லா நேரமும் செல்போனில் ஏதாவது ஒரு சீனக் கிழவர் தாடியை உருவிக்கொண்டு உபதேசம் பண்ணுவார். அந்தப் படங்களில் வசனம் முடிந்த பிறகும் வாய் அசைந்துகொண்டிருக்கும் இல்லையா? சொன்னால் நம்ப மாட்டீர்கள், பார்த்துப் பார்த்து இவனுக்கும் அப்படியே வந்துவிட்டது. "வாரேண்ணே" என்று சொல்லி முடித்த பிறகும் வாய் கொஞ்ச நேரம் தனியாக ஓடும்.

அந்தக் கிழவர்கள் சீடர்களுக்குக் கொடுத்த பயிற்சி எல்லாவற்றையும் இவன் என் கடையில் வைத்துத்தான் செய்தான். முதலில் குதிரை நிலை. காலை அகட்டி, முட்டியை மடக்கி, இல்லாத குதிரையின் மேல் உட்கார்ந்திருப்பது. டீ குடிப்பதும் அப்படியே, டயர் கழற்றும் ஆளிடம் பேசுவதும் அப்படியே. வீடு கட்ட மணல் கேட்டு வந்த ஒரு அம்மா அவனைப் பார்த்து முகம் வாடிப்போனார்.

"தம்பி, ராத்திரிலருந்தே இப்புடியா?"

"இது பயிற்சிம்மா."

"என்னத்தயோ சொல்லு. வெந்தயத்தை மோருல போட்டு முழுங்கு, வயிறு கட்டிரும்."

அடுத்தது தண்ணீர்ப் பயிற்சி. கைக்கு ஒரு வாளியைப் பிடித்து, கையை இரண்டு பக்கமும் நீட்டியபடி நடக்க வேண்டும். வாளி இரண்டும் என்னுடையவை. லாரித் தண்ணீருக்கு வரிசையில் நின்ற பெண்கள் இதைப் பார்த்தார்கள். வாளியைப் பிடுங்கி வைத்துவிட்டுக் குடத்தைக் கொடுத்தார்கள். "மாஸ்டரண்ணே, என்னோடதும் ரெண்டு கொடம். கையை நல்லா நீட்டிப் போங்க, அப்பத்தான் பலிக்கும்." தெரு முழுக்கத் தண்ணீர் சுமந்துவிட்டு வந்து, "இப்பத்தான்ணே தோளு தொறக்குது" என்பான். என் லோடு ரோட்டில் காத்துக் கிடக்கும்.

பிறகு இரும்புக் கை. சூடான மணலுக்குள் விரல்களைக் குத்திக் குத்தி எடுத்தால் கை இரும்பாகுமாம். தள்ளுவண்டியில் கடலை வறுப்பவரிடம் போய் நின்றான். அவர் சட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்:

"விடுறதுன்னா கையக் கழுவிட்டு விடப்பா. திங்கிற பொருளு."

இவையெல்லாம் எனக்கு வேடிக்கையாகத்தான் இருந்தன, ஒரு நாள் டீக்கடை வாசலில் அவன் என் செங்கல் ஒன்றை வைத்து, பிரஷர் குக்கர் மாதிரி சத்தம் விட்டு, ஒரே வெட்டில் உடைக்கும் வரை. டீக்கடைக்காரர் அதைச் செல்போனில் பிடித்துவிட்டார். விளாங்குடி முழுக்கப் பார்த்தது. திருமங்கலம் வரைக்கும் போனது.

திருமங்கலத்தில் எனக்கு வேண்டிய காண்ட்ராக்டர் ஒருத்தர் இருந்தார். கல்யாண மண்டபம் கட்டுகிறார். அந்த மண்டபம் முழுக்க என் கல் என்று பேச்சு முடிந்திருந்தது. அவர் நேரில் வந்து இறங்கினார்.

"அண்ணே, ஆயிரம் பேரு கை நனைக்கிற எடம். பந்தியில பாயாசம் வரலைன்னு ஒரு சம்பந்தி கோவத்துல சுவத்துல குத்துனாருன்னா, அங்கிட்டு மணமேடை தெரியக் கூடாதுல்ல?"

ஓணான் மாஸ்டரைக் கூப்பிட்டேன். "ஏன்டா, என் கல்லை ஊரறிய உடைச்சு என் பொழப்பையும் உடைக்கிறியா?"

"கல்லு வீக்கு இல்லண்ணே. கை ஸ்ட்ராங்கு."

ரெண்டில் ஒன்றைத்தான் ஊர் நம்பும். என் கல்லை நம்ப வேண்டுமென்றால் அவன் கையை இறக்கித்தான் ஆக வேண்டும். டீக்கடைக்கே போய் எல்லோரும் கேட்கச் சொன்னேன்: அவன் எடுத்தது, பள்ளம் நிரப்பப் பின்பக்கம் ஒதுக்கிப் போட்ட குவியலில் கிடந்த வேகாத கல். ரெண்டு வேகாத கல்லைத் தட்டிக் காட்டினேன். 'டொக்' என்றது. நல்ல கல்லைத் தட்டினேன். 'டிங்' என்றது. "டிங்குங்குற கல்லு ஆனை மிதிச்சாலும் ஒடையாது. டொக்குங்குறது தும்மினாலே போயிரும்" என்றேன். கடையே சிரித்தது. ஓரத்தில் குதிரை நிலையில் டீ குடித்துக்கொண்டிருந்தவன் மெதுவாக நிமிர்ந்து நின்றான். அவன் குதிரையை விட்டு இறங்கி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அவனுக்கு ஒரு கனவு இருந்தது. நாகமலை புதுக்கோட்டையில் பிள்ளைகளுக்கு வகுப்பு ஆரம்பிக்க வேண்டும். மஞ்சள் துணி எடுத்துத் தைத்துக்கூட வைத்திருந்தான். அந்த வீடியோவைப் பார்த்துவிட்டுப் பிள்ளைகளை அனுப்புவதாகச் சொன்ன தகப்பன்மார்கள், என் பேச்சைக் கேட்டதும் பின்வாங்கினார்கள். "மாஸ்டர், வேகாத கல்ல எங்க அப்பத்தா ஒடைக்கும். அதுகிட்ட படிக்கச் சொல்லிக்கிறோம்."

கொதித்துவிட்டான். "வார ஞாயித்துக்கெழம அண்ணன் கடையிலயே, நல்ல கல்லையே ஒடைக்கிறேன். எல்லாரும் வாங்க" என்று அறிவித்தான். வாய் அதற்கப்புறமும் அசைந்தது.

ஞாயிற்றுக்கிழமை திருவிழாக் கூட்டம். கடலை வண்டி வந்துவிட்டது. புதுக்கோட்டைத் தகப்பன்மார்கள் ஒரு பக்கம், திருமங்கலம் காண்ட்ராக்டர் ஒரு பக்கம். கல் உடைந்தால் மண்டப லோடு எனக்குப் போச்சு. உடையாவிட்டால் வகுப்பு அவனுக்குப் போச்சு. நான் ஒரு நல்ல கல்லாகப் பார்த்து எடுக்கக் குனிந்தேன்.

"நீங்க தொடாதீங்கண்ணே" என்றார் காண்ட்ராக்டர். "மாஸ்டரே எடுக்கட்டும்."

எப்பேர்ப்பட்ட காளவாசலாக இருந்தாலும் லோடில் நாலைந்து அரைவேக்காடு கலந்துதான் வரும். சூளையின் குணம் அது. கடவுளே வந்து எரித்தாலும் அப்படித்தான். ஓணான் மாஸ்டர் அடுக்கின் முன்னால் போய் உட்கார்ந்தான். நான் சொல்லிக்கொடுத்த மாதிரியே தட்டிப் பார்த்தான். ஒன்று 'டொக்' என்றது. கூட்டத்தில் அது என் காதுக்கும் அவன் காதுக்கும் மட்டும்தான் கேட்டது. அதைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான். என் சட்டை நனைந்துவிட்டது. ஒரே வெட்டில் உடைத்திருப்பான். உடைத்திருந்தால் இன்றைக்கு இதை எழுத எனக்குக் கடை இருந்திருக்காது.

அந்தக் கல்லைக் கீழே வைத்தான். வேறொன்றை எடுத்தான். ஈரல் நிறத்தில் கறுத்துப்போன, முறுக வெந்த கல். தட்டினான். அந்த 'டிங்'கிடம் கோயில் மணி தோற்றது. அதைக் கொண்டுவந்து நடுவில் வைத்தான். குதிரை நிலையில் நின்றான். குக்கர் விசில் விட்டது. வெட்டினான்.

கல் கல்லாகவே இருந்தது. மறுபடியும் வெட்டினான். கடலைக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். மூன்றாவதற்குக் கையை ஓங்கினான், நான் பிடித்துக்கொண்டேன். கை அதற்குள் பணியாரம் மாதிரி உப்பிவிட்டது. தகப்பன்மார்கள் சிரித்துக்கொண்டே வண்டியைக் கிளப்பினார்கள். காண்ட்ராக்டர் கல்லைத் தூக்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு கீறல் இல்லை.

"நாளைக்கே லோடு ஏத்துங்கண்ணே" என்றார்.

எலும்பு வைத்தியரிடம் நானே குட்டியானையை ஓட்டிக்கொண்டு போனேன். அவன் பக்கத்தில் கையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தான்.

"ஏன்டா, அந்தக் கல்லையா எடுப்ப?"

"தட்டிப் பாத்தேண்ணே. டிங்குன்னுச்சு."

"டிங்குன்னா ஒடையாதுன்னு சொன்னேன்லடா."

"அதான்ணே எடுத்தேன்."

அதற்கப்புறம் அவன் வாய் அசையவில்லை. வழியில் இருந்த குழிகளை மட்டும் பார்த்துப் பார்த்து ஓட்டினேன்.

கட்டுப் பிரித்ததும் வகுப்பை நானே ஆரம்பித்து வைத்தேன். புதுக்கோட்டையில் சும்மா கிடந்த என் பிளாட்டைச் சுற்றி வேலி போட்டு, என் பேத்திக்கு மஞ்சள் சட்டை மாட்டி முதல் ஆளாக நிறுத்தினேன். செங்கல் கடைக்காரர் பேத்தியே போகிறாள் என்றதும் மற்றதுகள் பின்னாலேயே வந்தன. இன்று சாயங்காலம் அந்தப் பக்கம் போனால் ஒரு பிள்ளைக் கூட்டமே, இல்லாத குதிரையில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கலாம். கையில் வாளி. விரலுக்குக் கீழே மணல். செங்கல் மட்டும் கிடையாது. அதை நான் தடுத்து வைத்திருக்கிறேன்.

வாசலில் பெரிய போர்டு வைத்திருக்கிறான். அதே பெயிண்டர், அதே ஓணான். குருமார்கள் வரிசை என்று வாயில் நுழையாத சீனப் பெயர்களாக எழுதியிருக்கிறான். அவர்களில் ஒருத்தர் வாளி கொடுத்தாரா, மணல் கொடுத்தாரா, வைத்தியரிடம் ஓட்டிப் போனாரா? நம் கோயில்களில் ஒரு டியூப் லைட் வாங்கிக் கொடுத்தவன்கூட வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு 'உபயம்' என்று பேரை எழுதிக்கொள்கிறான். ஒரு மாஸ்டரையே வாங்கிக் கொடுத்தவன் பேர் எங்கே?

அவனிடம் நேரில் கேட்டால் குதிரையில் உட்கார்ந்துகொண்டு சிரிக்கிறான். அதனால் பத்திரிகையில் எழுதிக் கேட்கிறேன். அந்தப் போர்டில் என் பேர் வந்தாக வேண்டும். எழுத்து சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை. சீனாக்காரர்களுக்குக் கீழே போட்டாலும் கோபித்துக்கொள்ள மாட்டேன். ஆனால் அவன் பேருக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.